படம் கறுப்பாக இருந்தால் பீம் போய்விட்டது என்று எழுதாதீர்கள்

சின்க்ரோட்ரானில், அதாவது பீம் எனப்படும் மிகப் பிரகாசமான எக்ஸ்ரே கற்றையைத் தரும் நிலையத்தில், எடுத்த தரவைத் தொலைத்துவிட்டு ஒருவர் என்னிடம் வருவது இந்த வருடம் இது 3-வது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைப் பார்க்க வந்தாள். "அண்ணா, 40 ஸ்கேன்ல 11 முழுக்கக் கறுப்பா இருக்கு. அந்த நேரம் பீம் போயிருக்கும்னு ஆய்வேட்டுல எழுதிட்டேன், சரிதானே?" என்றாள். சரியில்லை. பீம் எங்கும் போகவில்லை. அந்த 11 ஸ்கேனின் படங்கள் அவள் கணினிக்கு வந்து சேரவே இல்லை.

"கோப்பு இருக்கே, திறக்குதே" என்றாள். எல்லோரும் சொல்வது இதைத்தான். நீங்கள் திறப்பது மாஸ்டர் கோப்பு. ஐகர் 16எம் போன்ற டிடெக்டரில் (எக்ஸ்ரேயைப் படமாகப் பதியும் கருவி) ஒரு படத்துக்கு 1.8 கோடி பிக்சல், வினாடிக்கு 133 படம். பிக்சலுக்கு 2 பைட் என்றாலே, சுருக்குவதற்கு முன் வினாடிக்கு 4.8 ஜிபி. அந்த வேகத்தில் வருவதைப் பல கோப்புகளாகப் பிரித்துத்தான் எழுதுவோம். எந்தப் படம் எந்தக் கோப்பில் என்ற குறிப்பை மட்டும் மாஸ்டரில் வைப்போம். எக்ஸ்ரே ஆற்றல், மோட்டார் நிலை, படங்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் தெரியும். படம் மட்டும் அதில் இல்லை. பொருளடக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகம் இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

இதில் மோசமானது எச்.டி.எஃப்.5 என்ற இந்தக் கோப்பு வடிவத்தின் விர்ச்சுவல் டேட்டாசெட், அதாவது பல கோப்புகளில் உள்ளதை ஒன்றாகக் காட்டும் முறை. மாஸ்டர் சுட்டும் கோப்பு காணாமல் போனால் அது பிழை காட்டாது. அந்த இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பிக் கொடுத்துவிடும். அதுதான் அந்தக் கறுப்பு. வெறும் இணைப்பாக இருந்தால் திறக்காமல் நின்றுவிடும். அது எவ்வளவோ மேல், தொலைந்தது உடனே தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். 3 நாள் பீம்டைம் (பீமைப் பயன்படுத்த ஒதுக்கிய நேரம்) முடிந்து ஹார்ட் டிஸ்க்குடன் டர்பன் வந்தாள். ஆய்வகக் கணினிக்கு நகலெடுக்கும்போது பாதியில் மின்வெட்டு. மாஸ்டர் கோப்புகள் சின்னவை, முதலிலேயே ஏறிவிட்டன. அடுத்த குழுவுக்காக டிஸ்க்கை அழித்தும் கொடுத்துவிட்டாள்.

நம் ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்னும் ஒரு சின்க்ரோட்ரான்கூட இல்லை. தென்னாப்பிரிக்கா 2013 முதல் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானுடன் இணைந்திருக்கிறது. இங்கே மலாப்பாவில் கிடைத்த, செடிபா என்ற ஆதிமனித இனத்தின் மண்டையோட்டின் உட்புறத்தை அங்கேதான் படம் பிடித்தார்கள். விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கண்டம் தாண்டிப் போய் வாங்கி வரும் தரவு இது.

அதனால் தயவுசெய்து ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள், ஒற்றைக் கோப்பை அல்ல. இழுத்துப் போடாதீர்கள், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைப் போட்டால் மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடிந்ததும் மூலத்தின் செக்சத்தையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) நகலின் செக்சத்தையும் ஒப்பிடுங்கள். அதுவரை மூலத்தை அழிக்கவே கூடாது. ஒவ்வொரு ஸ்கேனிலும் நடுவிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். முழுக்கப் பூச்சியமா? உண்மையான டிடெக்டர் படம் அப்படி இருப்பது மிக அரிது. டிடெக்டரின் துண்டுகளான மாடியூல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளிலாவது 65535 போன்ற உச்ச எண் நிற்கும். (அந்த எண்ணையும் சேர்த்துச் சராசரி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிக்சல்களைக் கணக்கில் சேராதபடி மறைக்கும் மாஸ்க் போடுங்கள்.) கோப்பு திறக்கவில்லை என்றால் உடனே கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடவும் வேண்டாம். பிட்ஷஃபிள் என்ற முறையில் தரவைச் சுருக்கியிருப்பார்கள். அதைப் படிக்க உதவும் எச்டிஎஃப்5பிளகின் என்ற துணை மென்பொருளை நிறுவினால் பல தடவை அதோடு சரியாகிவிடும்.

இவளுடைய மூலப் படங்கள் சின்க்ரோட்ரான் நிலையத்தின் காப்பக டேப்பில் இருக்கின்றன, திரும்பக் கேட்டிருக்கிறோம். முன்பு வந்த இருவர் இழந்தது அங்கேயே உட்கார்ந்து செயலாக்கிய தரவு. அது டேப்புக்குப் போகவில்லை, திரும்பவும் கிடைக்கவில்லை. பீம் போனதாக எழுதிய வரியை இப்போதே ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடும்படி அவளிடம் சொல்லி அனுப்பினேன்.