மழைக்காலத்தில் பட்டாடையைக் காக்கும் பெட்டகம்

ஜப்பானின் பெரும்பகுதியில் ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நீடிக்கும் மழைப் பருவத்தில் தோல் செருப்பு முதல் சுவர் வரை அனைத்திலும் பூஞ்சை படர்கிறது. அப்படியிருக்க, குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பட்டுக் கிமோனோக்களை மரப்பெட்டகத்தில் வைத்து எப்படித் தலைமுறைகளுக்குக் காத்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தான்சு எனப்படும் இந்தப் பெட்டகங்கள் எடோ காலத்தில் (1603–1868) பலவகையாகப் பெருகின. கப்பல் தலைவர்கள் பணத்தையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்ட பெட்டகத்துக்கு வெளிப்புறம் கெயாக்கி என்னும் உறுதியான மரமும் கனத்த இரும்புத் தகடுகளும், உட்புறம் கிரி (பவுலோனியா) என்னும் எடை குறைந்த மரமும் அமைந்தன. சக்கரம் பூட்டிய பெட்டகங்களும் இருந்தன. 1657ஆம் ஆண்டு எடோ நகரை (இன்றைய டோக்கியோவை) அழித்த பெருந்தீயின்போது மக்கள் அவற்றை இழுத்துக்கொண்டு ஓடியதில் தெருக்களே அடைபட்டுப் போயின. ஆடைகளுக்கோ பெரும்பாலும் கிரி மரம்தான். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈரம் ஏறி இறங்கும்போது மற்ற பல மரங்களைவிடக் குறைவாகவே விரிந்து சுருங்கும்.

இனி, கேள்வியின் மையத்துக்கு வருவோம். அரை கன மீட்டர் கொள்ளளவும் 20 கிலோ மரமும் கொண்ட ஒரு பெட்டகத்தை எடுத்துக்கொள்வோம். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே தாங்கும். ஆகவே பெட்டகத்துக்குள் உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் (தாங்கக்கூடிய நீராவியில் உள்ள பங்கு) 60 விழுக்காட்டிலிருந்து பூஞ்சைக்கு உவப்பான 90 விழுக்காட்டுக்கு உயர, நாலரை கிராம் நீர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான நீர், உள்ளே புகுந்தால் போதும். ஆனால் அதே உயர்வுக்கு மரம் ஈடுகொடுக்க வேண்டுமானால், அதன் ஈரம் எடையில் சுமார் 11 விழுக்காட்டிலிருந்து சுமார் 20 விழுக்காட்டுக்கு ஏற வேண்டும். அதற்கு ஏறக்குறைய 1.8 கிலோ நீர் தேவை. நாலரை கிராம் எங்கே, 1,800 கிராம் எங்கே! மரத்தின் செல்லுலோசில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்வதால், இடுக்கு வழியே நுழையும் நீராவியை மரம் தன்பால் இழுத்துக்கொள்கிறது. காற்று வறண்டால் அதே மரம் நீரைத் திருப்பிக் கொடுக்கிறது. பெட்டகத்துக்குள் ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது காற்று அன்று, மரமே. உள்ளே மடித்து வைத்த பட்டும் தன் பங்குக்கு இதே வேலையைச் செய்கிறது.

இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் வெளிக்காற்று தாராளமாக உள்ளே வந்துபோகக் கூடாது. தச்சரின் கைவண்ணம் இயற்பியலாக மாறும் இடம் இது. நல்ல கிரிப் பெட்டகத்தில் ஓர் இழுப்பறையை உள்ளே தள்ளினால், மூடியிருக்கும் மற்றோர் இழுப்பறை தானாக வெளியே நகர்ந்து வரும். இழுப்பறைகளின் பின்புறம் காற்று செல்ல இடைவெளி இருப்பதால், தள்ளப்பட்ட காற்று மற்ற இழுப்பறைகளின் முதுகை அழுத்துகிறது. 90 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள இழுப்பறையின் மீது, வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்தினாலே ஏறத்தாழ 18 நியூட்டன் விசை கிடைக்கும். உரசாமல் எளிதாக வழுக்கும் இழுப்பறைக்கு அது போதும். இழைப்புளியால் தாளினும் மெல்லிய சீவல்களாக எடுத்து இடைவெளியைச் சுருக்கிய பிறகே இது நிகழும். மழைக்காலத்தில் மரம் சிறிது பருத்து அந்த இடைவெளியை மேலும் அடைக்கிறது. பலகைகளை இணைக்க இரும்பாணிக்குப் பதிலாக, தவிட்டோடு வறுத்த மர ஆணிகளைப் பயன்படுத்துவதும் இம்மரபில் உண்டு. துருப்பிடிக்கும் அச்சம் இல்லை.

விற்பனையாளர்கள் இதை 'மரம் மூச்சுவிடுகிறது' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெட்டிய மரத்தில் உயிர் இல்லை. நடப்பது வெறும் வேதியியல். இதே கவர்ச்சி நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தைப் பற்றியும் ஒரு கதையைப் பரப்பியது. பேரரசர் ஷோமுவின் உடைமைகள் 756இல் காணிக்கையாக்கப்பட்டு அங்கே காக்கப்பட்டன. முக்கோண வடிவக் கட்டைகளை அடுக்கிய அதன் சுவர்கள் வறட்சியில் சுருங்கி இடைவெளி திறந்தும், ஈரத்தில் பருத்து மூடியும் காற்றைச் சீர்செய்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அளந்து பார்த்தபோது, பாரமான கூரை அழுத்தும் கட்டைகளுக்கிடையே அப்படி இடைவெளி திறப்பதில்லை என்பதும், ஈரப்பத ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் தணித்தவை உள்ளே இருந்த சுகி (ஜப்பானியத் தேவதாரு) மரப்பேழைகள்தாம் என்பதும் தெரியவந்தன. ஒரு பேழைக்குள் ஆண்டுக்கணக்கில் ஈரமானியை வைத்துப் பார்ப்பது போன்ற சலிப்பூட்டும் ஆய்வுக்கு நிதி ஒதுக்க எவரும் முந்துவதில்லை. ஆயினும் அழகான கதை வீழ்ந்தது அத்தகைய அளவீட்டால்தான்.

பெட்டகத்தால் ஆகாததும் உண்டு. பகலிரவு மாற்றத்தை அது விழுங்கிவிடும். வாரக்கணக்கில் தொடரும் ஈரம் மரத்தின் ஊடாகவே மெல்ல உள்ளே ஊறும். அதனால்தான் மழைப் பருவம் முடிந்த பின் வறண்ட நாளாகப் பார்த்து ஆடைகளை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடும் வழக்கம் ஜப்பானில் நிலைத்தது. ஷோசோயின் கருவூலத்தின் முத்திரையையும் இலையுதிர்காலத்தில்தான் உடைத்துத் திறக்கிறார்கள்.