செய்தி வருமுன்னே கட்டப்படும் சினாப்ஸ்

ஒரு நரம்புச் செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி தரும் இடம்தான் சினாப்ஸ். மூளையில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். அனுப்பும் பக்கத்தில் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் காத்திருக்கும்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 நானோமீட்டர் குறுக்களவு. அவை திறக்கும் இடத்துக்கு நேர் எதிரே, பெறும் பக்கத்தில், அந்த வேதிப்பொருளைப் பிடிக்கும் ஏற்பிப் புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இரண்டு தனித்தனிச் செல்கள் இத்தனை துல்லியமாக எப்படி எதிரெதிரே அமைகின்றன?

செய்தி போகப் போகத்தான் இணைப்பு உருவாகும் என்று நினைக்கத் தோன்றும். 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இந்த எண்ணத்தைக் குலைத்தது. மன்க்18-1 என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளில் நுண்பைகள் திறப்பதே இல்லை. எந்த சினாப்ஸிலும் செய்தி போகாது. ஆனாலும் கருவில் அவற்றின் மூளை ஒழுங்காக அடுக்கடுக்காக உருவானது. சினாப்ஸ்களும் பார்வைக்குச் சரியாகவே இருந்தன. அதன் பிறகுதான் செல்கள் மடியத் தொடங்கின. அதாவது, கட்டுவதற்குச் செய்தி தேவையில்லை. கட்டியதைக் காப்பாற்றத்தான் தேவை.

முதலில், நரம்புச் செல்லிலிருந்து செய்தியை எடுத்துச் செல்லும் நீண்ட இழையான ஆக்ஸான் போய்ச் சேர வேண்டும். அதன் நுனியில் உள்ள வளர்கூம்பு, நெட்ரின் போன்ற புரதங்களை நோக்கி நகரும். செமாஃபோரின் போன்றவற்றைக் கண்டால் விலகும். இந்தப் பயணம் ஒரு தனிக் கதை. இங்கே நமக்கு வேண்டியது, சேர்ந்த பிறகு நடப்பது.

அதில் மிகத் தெளிவாகத் தெரிந்த பகுதி, நரம்பும் தசையும் சந்திக்கும் இடம். அங்கு சினாப்ஸ் பெரியது, எளிதில் அணுகக்கூடியது. ஆக்ஸான் வருவதற்கு முன்பே தசை நாரின் நடுப்பகுதியில், அங்கே செய்தி தரும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினின் ஏற்பிகள் சிறு திட்டுகளாகக் கூடத் தொடங்கிவிடும். வந்து சேரும் ஆக்ஸான் இரண்டு பொருள்களை வெளியிடும். ஒன்று அசிட்டைல்கோலின், அது இந்தத் திட்டுகளைக் கலைக்கும். மற்றது அக்ரின் என்ற புரதம். அது கலையாமல் காக்கும். அக்ரின், தசைச் சவ்விலுள்ள எல்.ஆர்.பி.4 புரதத்தைப் பிடித்து, அதன் வழியாக மஸ்க் என்ற நொதியைத் தூண்டும். தசைக்குள் இருக்கும் டாக்-7 புரதம் அதற்குத் துணை நிற்கும். கடைசியில் ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளைக் கட்டிப் பிடித்து வைக்கும். அக்ரின் நரம்பு முனையைத் தாண்டி அதிகம் பரவாது. எனவே முனைக்கு நேர் கீழே உள்ள திட்டு பிழைக்கும், மற்றவை கரையும். முதிர்ந்த சினாப்ஸில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 10,000 ஏற்பிகள். சற்றுத் தள்ளிப் பார்த்தால் பத்துகூட இராது.

அக்ரின் இல்லாத சுண்டெலி மூச்சுவிட முடியாமல் பிறந்ததும் இறக்கும். ஆனால் அக்ரினோடு அசிட்டைல்கோலினையும் சேர்த்து நீக்கினால் திட்டுகள் கலையாமல் தங்கிவிடுகின்றன! இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் இதுவும் ஒன்று. மனிதர்களில் டாக்-7 மரபணு பழுதானால் பிறவித் தசைத்தளர்ச்சி வரும். வளர்ந்த பின் மஸ்க்குக்கு எதிராக உடலே எதிர்ப்புப் புரதம் உண்டாக்கினாலும் தசை சோரும்.

மூளைக்குள் அக்ரின் போல ஒற்றைத் தலைவன் கிடையாது. அனுப்பும் பக்கத்தின் நியூரெக்சின் புரதமும் பெறும் பக்கத்தின் நியூரோலிஜின் புரதமும் இடைவெளியின் குறுக்கே கைகோக்கும். நரம்பே அல்லாத ஒரு செல்லில் நியூரோலிஜினை உண்டாக்கி, அருகில் ஆக்ஸானை வளரவிட்டால், தொட்ட இடத்தில் அது நுண்பைகளைக் குவித்துவிடும். இதைப் பார்த்து நியூரோலிஜினே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று வகை நியூரோலிஜின்களையும் நீக்கிய சுண்டெலிகளிலும் சினாப்ஸ் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. அவை சரியாக வேலை செய்யவில்லை, அவ்வளவே. தொட்டுக்கொள்ள வேறு புரத ஜோடிகளும் உண்டு. பக்கத்திலிருந்து நரம்புச் செல்களுக்குத் துணைபுரியும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் சுரக்கும் த்ராம்போஸ்பாண்டின் புரதமும் சினாப்ஸ் எண்ணிக்கையைக் கூட்டும்.

புதிய சினாப்ஸ்களில் பல ஊமை. மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளைப் பிடிக்கும் ஏற்பிகளில் என்.எம்.டி.ஏ, ஆம்பா என்று இரு வகை உண்டு. ஊமை சினாப்ஸில் என்.எம்.டி.ஏ ஏற்பி இருக்கும், ஆம்பா ஏற்பி இராது. செல் ஓய்வில் இருக்கையில் என்.எம்.டி.ஏ ஏற்பியின் துளையை மெக்னீசியம் அயனி அடைத்திருக்கும். வேறு வழியில் செல் கிளர்ந்த நேரத்தில் செய்தியும் வந்தால் அடைப்பு விலகும், கால்சியம் உள்ளே பாயும், ஆம்பா ஏற்பிகள் வந்து சேரும்.

அடுத்தது களையெடுப்பு. பிறந்த சுண்டெலியின் ஒரு தசை நாரைப் பல ஆக்ஸான்கள் பற்றியிருக்கும். இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சும். மூளையில் தோற்கும் சினாப்ஸ்கள் சிலவற்றின் மீது சி1க்யூ போன்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் படிய, மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா அவற்றை விழுங்கும். மனிதக் குழந்தையின் மூளையின் முன்பகுதிப் புறணியில் (மேலடுக்கில்) சினாப்ஸ் அடர்த்தி ஓரிரு வயதில் உச்சத்தைத் தொட்டு, வளரிளம் பருவம் வரை குறைந்துகொண்டே வரும்.

இந்தப் போட்டி நடக்கும் காலத்தில் ஒரு கண்ணை மட்டும் பிறவிக் கண்புரை மறைத்தால், பார்வைப் புறணியில் அந்தக் கண்ணின் இணைப்புகள் தோற்றுவிடும். பல ஆண்டு கழித்துப் புரையை எடுத்தால் விழித்திரையில் வெளிச்சம் விழும், ஆனால் பார்வை தெளியாது. அதனால்தான் ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரையோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அறுவை செய்கிறார்கள். பிறகு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, பலவீனமான கண்ணின் சினாப்ஸ்கள் போட்டியில் மீண்டும் இடம்பிடிக்க அவகாசம் தருகிறார்கள்.