மோட்டார் ஏன் கருகுகிறது?

ரீவைண்டிங் கடையில் பிரித்துப் போட்ட மூன்று ஃபேஸ் பம்பு மோட்டாரைப் பார்த்தாலே அது எப்படிப் போனது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். காயில் சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு. மூன்றில் இரண்டு பங்கு கருகி, ஒரு பங்கு மட்டும் வார்னிஷ் மினுங்க அப்படியே இருந்தால், அது ஸ்டார் இணைப்பு மோட்டார், அதாவது மூன்று காயில்களின் ஒரு முனையை ஒரே புள்ளியில் சேர்த்தது. ஒரு ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று லைன்களில் ஒன்று, இல்லாமல் ஓடியிருக்கிறது. காயில்களை முக்கோணமாக இணைத்த டெல்டாவில் இது நேர்மாறு: ஒரு பங்கு கருகும், இரண்டு பங்கு தப்பிக்கும்.

மூன்று ஃபேஸும் முறைவைத்து உச்சத்துக்கு வருவதால்தான் மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழல்கிறது. உள்ளே சுழலும் பகுதியான ரோட்டார் அதன் பின்னால் ஓடுகிறது. ஒரு ஃபியூஸ் போனால் அந்தச் சுழற்சி கெட்டுவிடும். நின்றிருக்கும் மோட்டார் உறுமும், கிளம்பாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது நிற்காது. வில்லங்கமே அதுதான். தண்ணீரும் வந்துகொண்டிருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அதே வேலையை மிச்சமிருக்கும் இரண்டு லைன்கள் செய்தாக வேண்டும். முழு லோடில் 7.5 ஆம்பியர் இழுக்கும் 5 எச்.பி. மோட்டார் இப்போது சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். கம்பியில் பிறக்கும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, கரண்ட் 1.73 மடங்கானால் சூடு 3 மடங்கு. காயிலின் இன்சுலேஷனோ, வழக்கமான வெப்பநிலையைவிட 10 டிகிரி கூடினாலே ஆயுளில் பாதியை இழக்கும் என்பது பழைய கணக்கு.

இதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டரில், கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு அதைத் திருப்பி வைத்தால் போதும். நம் ஆட்களோ அடிக்கடி 'ட்ரிப்' ஆகி மோட்டார் நிற்கிறதே என்று எரிச்சலில் அதைக் கடைசி வரை ஏற்றிவிடுவார்கள். ரிலே சரியாக வேலை செய்ததற்கு அதற்குக் கிடைக்கும் தண்டனை! கூடவே ஒரு சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் மாட்டிவிட்டால், ஒரு ஃபேஸ் போனதும் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும். ரீவைண்டிங் கூலியோடு பார்த்தால் அதன் விலை பெரிதல்ல.

பேரிங்கில் கிரீஸைத் திணித்து அடைக்கக் கூடாது. பேரிங் உட்காரும் கூட்டின் உள்ளே பாதிக்கு மேல் நிறைந்தால் கிரீஸே கடைபட்டுச் சூடாகும்.

மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த மோட்டாரை எடுத்தவுடன் ஓட்டுவதும் ஆபத்து. இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவியான மெக்கர் வைத்துப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயில் ஈரம் குடித்திருக்கிறது. மூடியைக் கழற்றி உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு உலர்த்தி, மறுபடி மெக்கர் பார்த்த பிறகு ஸ்விட்ச் போடலாம்.