தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றச் சொல்லாதீர்கள்

இந்த வாரமும் ஒரு குவாலிஸ், என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பேக்கிங் போய் வந்து நிற்கிறது. 2004 மாடல், மீட்டர் 4 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறவில்லை, அதற்குள் போனெட்டிலிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் கொஞ்ச தூரம் மிதித்திருக்கிறார்கள். ஆயில் ஸ்டிக்கை இழுத்தால் பால் காபி நிறம், ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றிப் பட்டை வைத்துப் பார்த்தால் நடுவில் வளைந்திருக்கிறது, வால்வு சீட்டுகளுக்கு இடையில் வெடிப்பும் விட்டிருக்கிறது. இதில் என் வயிறு எரிந்த இடம் வேறு. கீழே சிலிண்டர் போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், அருமையாக இருந்தது, வேளாவேளைக்கு ஆயில் மாற்றி வைத்திருந்த என்ஜின், இன்னும் ஒன்றிரண்டு லட்சம் தாராளமாக ஓடியிருக்கும். அப்புறம் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தேன். என்ஜின் தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, சூடானதும் திறந்துவிடும் வால்வு அங்கேதான் இருக்கும். உள்ளே வால்வே இல்லை.

சேலம் பக்கம் பழைய டீசல் வண்டிகளைப் பார்க்கும் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார். "நம்ம ஊர் வெயிலுக்கு அந்த வால்வு எதுக்குங்க, அது குளிர் நாட்டுக்காரனுக்கு, கழட்டி வீசுங்க, தண்ணி நல்லா ஓடட்டும்." உரிமையாளரும் இதைச் சொல்கிறார், டிரைவரும் சொல்கிறார், சில பட்டறைகளிலும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்பவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கேட்டால் நியாயம் போலவும் இருக்கிறது, அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வெயில் கணக்கு. சேலத்தில் மே மாத வெயில் 40 டிகிரி. என்ஜினுக்குள் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு 80, 90 டிகிரி. அந்தச் சூட்டைத் தாண்டாமல் பார்ப்பது மட்டும் வேலையில்லை, அதற்குக் கீழே இறங்காமல் பிடித்து வைப்பதும் வேலைதான். வால்வின் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருப்பார்கள், அந்த டிகிரியில்தான் அது திறக்க ஆரம்பிக்கும். வால்வு இல்லாமல் காலியாக, நிதானமாக ஓட்டும்போது என்ஜின் அந்தச் சூட்டுக்கு ஏறவே ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரை நனைத்து பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும், போர் தேயும், மைலேஜ் குறையும். "வண்டி முன்ன மாதிரி கொடுக்கலைங்க" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே வால்வு இருக்கிறதா என்றுதான்.

சரி, சூடு ஏறாமலாவது இருக்குமே என்பீர்கள். அதுவும் இல்லை. நிறைய என்ஜின்களின் வால்வை அடியில் திருப்பிப் பாருங்கள், இன்னொரு சின்னத் தட்டு தெரியும். வண்டி சூடாகி ரேடியேட்டருக்குப் போகும் மேல்வழி திறக்கும்போது, அங்கே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும் பைபாஸ் வழியை அந்தக் கீழ்த்தட்டு மூடிவிடும். வால்வையே பிடுங்கிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி என்ஜினுக்குள் போகும். சமதரையில் காலியாக ஓட்டும்வரை இது தெரியாது. எட்டு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, இரண்டாவது கியரில் மலை ஏறும்போதுதான் தெரியும்.

நடுவழியில் வால்வு மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு வண்டி கொதிக்கிறது, பக்கத்தில் கடை இல்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு ஊர் வந்து சேருவது தப்பே இல்லை. அந்தக் காலத்து டிரைவர்கள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள், ஆனால் வந்ததும் புது வால்வு போட்டார்கள். சில நூறு ரூபாய் சாமான். சந்தேகம் இருந்தால் பழையதைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள், கொதி வருவதற்குள் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். வளைந்த ஹெட்டைச் சமமாகச் சீவும் ஃபேசிங், வெல்டிங், பேக்கிங் செட், கூலி எல்லாம் சேர்த்து வரும் பில்லுக்கு முன்னால் அது ஒரு செலவா?

அடுத்து தண்ணீர். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் வீட்டுக் குழாயையே அடைக்கிறது, ரேடியேட்டரின் மெல்லிய டியூபை விட்டுவைக்குமா? கூலண்ட் என்பது ஏசி வண்டிக்கு மட்டும் என்பதும் தவறு. துரு பிடிக்காமல், அலுமினியத்தை அரிக்காமல், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது அதுதான். செறிவாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள், கலந்தே வருவதை அப்படியே ஊற்றுங்கள். பச்சையும் சிவப்பும் கலக்க வேண்டாம். நிறத்தை நம்பி வாங்கவும் வேண்டாம், மேனுவலில் போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். ஒழுகுகிறது என்று மஞ்சள் தூள், புகையிலைத் தூள் போடுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், தயவுசெய்து வேண்டாம். அந்த ஓட்டையை அது கொஞ்ச நாள் அடைக்கும், கூடவே நல்ல டியூபையும் அடைத்துவிடும்.

ரேடியேட்டர் மூடி தேய்ந்த ரப்பரோடு வருஷக்கணக்காக ஓடுகிறது, மாற்றுங்கள். ரேடியேட்டரின் ரப்பர் ஓஸ் கையால் அமுக்கினால் நொறுநொறு என்றால் மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அடியில் சொட்டினால் அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியைப் பழையதாக வாங்கினால், எப்போது மாற்றினார்கள் என்று பில் காட்டாதவரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவதையும் என்ஜினை அணைப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அணைத்த என்ஜினிலிருந்து பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் வராது, லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடக்கும் விபத்துகளை இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, டிரைவர் தம்பிகளுக்காக. தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சூட்டு முள் ஏறும் என்று நம்பி உட்காராதீர்கள். சென்சாரைத் தண்ணீர் தொட்டால்தான் அது சரியாகக் காட்டும், தொட ஒன்றும் இல்லாதபோது முள் கீழேகூட இறங்கும். ஏறிக்கொண்டிருந்த முள் மலையில் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் ஓரம் கட்டி அணையுங்கள். தண்ணீர் இருந்து முள் மட்டும் ஏறுகிறது என்றால், ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரமாக ஐடிலில் விடுங்கள். இறங்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, முகமும் கையும் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறுவதற்கு முன் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், வளையாமல் தப்பிய ஹெட்டும் வெடிக்கும். முதலாளி திட்டுவார், சவாரிக்காரர் கத்துவார், கத்தட்டும், ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

லாரிக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சங்ககிரி, நாமக்கல் வண்டிகளின் பழைய டிரைவர்கள் ஆயிலும் தண்ணீரும் பார்க்காமல் காலையில் சாவி போட மாட்டார்கள். கார் வைத்திருப்பவர்களில் பலருக்குப் போனெட்டின் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று நாளைக் காலையிலேயே பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் ஓஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். மேல் ஓஸ் பக்கம் வால்வு உள்ள வண்டி என்றால் முள் ஓரளவு ஏறும்வரை ஓஸ் குளிர்ந்தே இருக்கும், அப்புறம் சட்டென்று சுடும். முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. மேனுவலில் உள்ள அதே டிகிரி வால்வை அதன் ரப்பர் சீலோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போய்ப் போடச் சொல்லுங்கள், தண்ணீர் நிரப்பியதும் உள்ளே சிக்கிய காற்றை, அதாவது ஏர் லாக்கை, எடுக்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.