ஒரு ஷிம், இரண்டு கோணங்கள்: ஜிப்சியின் முன் ஆக்சில் கணக்கு

நீள ஷேக்கிள் (பட்டா ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் தகடு) போட்டு மாருதி ஜிப்சியைத் தூக்கியிருக்கிறார் ஒரு வாசகர். வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. முன் ஆக்சிலுக்கும் பட்டாவுக்கும் நடுவில் 6 டிகிரி ஷிம் (ஆப்பு வடிவத் தகடு) வைத்ததும் அது சரியாகிவிட்டது. ஆனால் இப்போது நான்கு சக்கர ஓட்டம் போட்டால் அடியில் அதிர்கிறது. ஏன் என்று கேட்கிறார்.

கிங்பின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் ஆணி) அச்சு மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் காஸ்டர். அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். டயர் அந்தப் புள்ளியைப் பின்தொடர்ந்து இழுபடுவதால் சக்கரம் தானே நேராகிறது. டயரின் ஆரம் 350 மி.மீ. என்றால், 3 டிகிரிக்கு இந்த இடைவெளி 18 மி.மீ.; 1 டிகிரிக்கு வெறும் 6 மி.மீ.

ஜிப்சியில் முன் பட்டாவின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. 50 மி.மீ. நீளம் கூட்டினால் பட்டாவின் முன்கண் (முன்முனை வளையம்) மட்டும் இறங்கும். நடுவில் இருக்கும் ஆக்சிலுக்குக் கிடைக்கும் உயரம் 25 மி.மீ.தான். ஆனால் கண்ணுக்குக் கண் 900 மி.மீ. என்று வைத்தால், பட்டா முழுவதுமே 3 டிகிரிக்கு மேல் முன்னோக்கிச் சாய்கிறது; அத்தனையும் காஸ்டரில் போன நஷ்டம். தூக்கும் உயரத்தைச் சொல்லி ஷேக்கிள் விற்பவர்கள் இந்தச் சாய்வையும் சொல்ல வேண்டும். பின்பக்கத்தை மட்டும் தூக்குவோருக்கும் ஒரு கணக்கு உண்டு: 2,375 மி.மீ. வீல்பேஸில் 41 மி.மீ. கூடினால் 1 டிகிரி காஸ்டர் போய்விடும்.

கிங்பின்னும் பினியனும் (ஷாஃப்டிலிருந்து ஆக்சிலுக்குள் சுழற்சியை வாங்கும் பல்சக்கரம்) ஒரே ஹவுசிங்கில் இருப்பவை. ஷிம் வைத்து கிங்பின் தலையைப் பின்னால் சாய்த்தால், பின்னோக்கிப் பார்க்கும் பினியன் மூக்கு அதே அளவு கீழே இறங்கும். ஷேக்கிளால் போன 3 டிகிரியை மட்டும் மீட்டால் பினியனும் பழைய நிலைக்கே வந்துவிடும். வாசகர் வைத்ததோ 6. பினியன் 3 டிகிரி கூடுதலாகத் தொங்குகிறது.

அந்த 3 டிகிரி என்ன செய்யும் என்பதற்கு, ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) பினியனுக்கு வரும் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டை, அதாவது யு.ஜே. கிராஸைப் பார்க்க வேண்டும். வளைந்து சுழலும் கிராஸ் ஒரே வேகத்தைக் கடத்தாது. 12 டிகிரி வளைவில், உள்ளே நிமிடத்துக்கு 2,000 சுற்று சீராக வந்தாலும், வெளியே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 1,956க்கு இறங்கி 2,045க்கு ஏறும். ஷாஃப்டின் மறுமுனைக் கிராஸும் அதே 12 டிகிரியில் இருந்தால், இந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே எதிராகச் செய்து அழித்துவிடும். பினியனுக்குப் போவது மறுபடி சீரான 2,000. இரண்டு கோணலைச் சேர்த்து ஒரு சீரை உண்டாக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இயந்திரவியலின் மிக அழகான காரியங்களில் ஒன்று.

கோணங்கள் சமமில்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு? வெறும் கழித்தல் அல்ல; வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் 12, பினியன் பக்கம் 15 என்றால் 225 − 144 = 81; மூலம் 9. 3 டிகிரிப் பிழை, 9 டிகிரியில் ஒற்றைக் கிராஸ் போட்டது போல அதிரும். 1 டிகிரிப் பிழைக்கே 12, 13 ஆகி மிச்சம் 5. பள்ளியில் படித்த 5, 12, 13 முக்கோணம்தான்! மிச்சம் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். சமதரையில் வண்டியின் முழு எடையும் டயரில் நிற்க, ஷாஃப்டைக் கழற்றி, டிஜிட்டல் கோணமானியை ஷாஃப்ட் பூட்டும் இரு ஃபிளாஞ்ச் முகங்களிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் இணையாக இருக்க வேண்டும். காஸ்டரைக் கிங்பின் மூடியின் கடைந்த முகத்தில் அளக்கலாம். கழற்றுமுன் ஸ்லிப் ஸ்பிளைனில் (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய விடும் பல்லிணைப்பு) குறியிடுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் கிராஸ்கள் ஒன்றையொன்று அழிக்காது.

ஷிம் எஃகாக இருக்கட்டும்; அலுமினியம் நசுங்கி விரியும். ஆக்சிலுக்குக் கீழே பட்டா இருக்கும் ஜிப்சியில், காஸ்டர் கூட ஷிம்மின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். பட்டாவை ஆக்சிலுக்கு மேலே மாற்றிய வண்டியில் அது பின்னால். இதை மாற்றி வைத்துவிட்டு ஸ்டியரிங் பாக்ஸைக் குறை சொல்பவர்கள் பலர். பட்டா இலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் துளைக்குள் முழுதாக உட்கார வேண்டும்; எட்டவில்லை என்றால் நீளமானது போடுங்கள். ஆக்சிலைப் பட்டாவோடு இறுக்கும் யு போல்ட்டைப் புதிதாக மாற்றி, சில நூறு கி.மீ. ஓடியபின் மறுபடி முறுக்குங்கள்.

வாசகர் 6 டிகிரி ஷிம்மை எடுத்துவிட்டு, அளந்து வந்த நஷ்டத்தை மட்டும் ஈடுகட்டும் ஷிம்மைப் போட்டால் போதும். 2, 4 என்ற அளவுகள்தான் கிடைத்தால் 4-ஐ எடுக்கலாம்; மிச்சம் 3 டிகிரியைத் தாண்டினாலும் இங்கே பொறுக்கலாம். ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும், விடுவிக்கும் பூட்டு) திறந்திருக்கும்போது முன் ஷாஃப்ட் சுழலாது. அது சுழல்வது மெதுவாகப் போகும் காட்டுப்பாதையில். காஸ்டரோ நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் உயிர் காப்பது. அதற்கு மேலும் காஸ்டர் வேண்டுமென்றால், ஆக்சில் முனையில் கிங்பின்னைத் தாங்கும் நக்கிளின் வெல்டை அறுத்து, பினியனை அசைக்காமல் கிங்பின்னை மட்டும் திருப்பி மறுபடி வெல்ட் செய்யும் வேலைக்குப் போக வேண்டும். ஜிக் (கோணம் மாறாமல் பிடித்துவைக்கும் சட்டம்) இல்லாத பட்டறையில் அதைக் கொடுக்காதீர்கள்.