மகன் கட்டிவிட்ட வாட்ச்சும் அப்பாவின் நெஞ்சு வலியும்

மார்த்தாண்டம், களியக்காவிளை, கேரள எல்லை தாண்டி பாறசாலை என்று எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது வளைகுடா நாட்டில் இருக்கிறது. லீவுக்கு வரும் மகன் தனக்குப் புது ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருப்பான். பழையதை அப்பாவின் கையில் கட்டிவிட்டுப் போவான். அதற்கப்புறம் அந்த வாட்ச் என் மேஜைக்கு வருகிறது. "டாக்டர், இதுல காட்டுறத நம்பலாமா?"

கட்டலாம், தடையில்லை. ஆனால் நம்புவதற்கு முன் அந்த வாட்ச் எந்தக் காலத்தது என்று பார்க்க வேண்டும். 2013-இல் வந்த சாம்சங் கேலக்ஸி கியரில் கேமரா இருந்தது, நாடித்துடிப்பு பார்க்கும் சென்சார் கிடையாது. அதே ஆண்டு மக்கள் கைக்கு வந்த பெபிள் என்ற வாட்ச்சிலும் அந்த சென்சார் கிடையாது. போனுக்கு வரும் செய்தியைக் கையில் காட்டுவதே அதன் முக்கிய வேலை. 2015-இல் வந்த முதல் ஆப்பிள் வாட்ச் துடிப்பை எண்ணியது, ஆனால் ஈசிஜி எடுக்காது. ஈசிஜியும், கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதியும் 2018-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் சேர்ந்தன. ஆகவே 'ஆப்பிள் வாட்ச்' என்ற பெயரை மட்டும் வைத்து எல்லாம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சார்ஜ் வேறு. அந்த முதல் வாட்ச்சுக்கு நிறுவனமே சொன்ன கணக்கு 18 மணி நேரம்தான். தினமும் கழற்றிச் சார்ஜ் போட வயதானவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை. சில வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடும்.

இனி, வாட்ச் நாடியை எப்படிப் பார்க்கிறது என்பது. அடிப்பக்கம் மினுங்கும் பச்சை ஒளியைக் கவனித்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு ரத்தம் கூடுதலாக வரும்போது திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு 78 என்று காட்டுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், கை குளிர்ந்திருந்தால், பச்சை குத்திய இடத்தில் கட்டியிருந்தால் எண் பிசகும். விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு, கை ஓயாமல் அசைவதால் வேலை நேரத்துத் துடிப்புக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பாருங்கள்.

ஆக, அது பார்ப்பது மணிக்கட்டுக்கு வரும் ரத்தத்தை. மாரடைப்பில் அடைபடுவது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய். அது அடைபட்டுக்கொண்டிருக்கும்போதும் மணிக்கட்டில் துடிப்பு 80 என்று ஒழுங்காக ஓடலாம். ஈசிஜி உள்ள வாட்ச்சும் இதயத்தை ஒரே ஒரு கோணத்தில்தான் பார்க்கிறது. ஆஸ்பத்திரியில் 12 கோணங்களில் பார்க்கிறோம். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று தயாரித்தவர்களே வாட்ச்சில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். நெஞ்சைப் பிசைகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. வாட்ச்சைப் பார்க்கிறார்கள், எண் சரியாக இருக்கிறது. "கேஸாத்தான் இருக்கும்" என்று சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையும் மட்டும் வரலாம். தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மேல்வயிற்று எரிச்சலோடு வியர்வை, காரணமில்லாத மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் வாட்ச்சைப் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான்.

வாட்ச் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. சிலருக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பி, ஒழுங்கில்லாமல் வந்து வந்து போகும். பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். கிளினிக்கில் ஈசிஜி எடுக்கும் நேரத்தில் அது பிடிபடாது. நாள் முழுக்கக் கையில் கிடக்கும் வாட்ச்சில் பிடிபடலாம். அமெரிக்காவில் நாலு லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு அந்தக் கோளாறு பதிவானது. எச்சரிக்கை வந்தால் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். போனில் உள்ள பதிவோடு டாக்டரிடம் வாருங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

சர்க்கரை அளவு காட்டும் வாட்ச் என்று விளம்பரம் வந்தால் காசைக் கொடுக்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச்சையும் மோதிரத்தையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. பிபிக்கு, மேற்கையில் சுற்றிக் காற்றேற்றும் கருவி வீட்டில் ஒன்று இருந்தால் போதும். இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள் காந்தம் உள்ள வாட்ச்சையும் சார்ஜரையும் அந்த இடத்திலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். வாட்ச் கட்டிய கையை நெஞ்சில் வைத்துத் தூங்குவதும் கூடாது.

பழைய வாட்ச் கைமாறும்போது யாரும் கவனிக்காத ஒன்று: அதற்குள் மகனுடைய வயதும் எடையும்தான் இருக்கும். அப்பாவுக்கு 68, வாட்ச் கணக்கில் 34. ஆப்பிள் வாட்ச்சில் 55 வயதோ அதற்கு மேலோ என்று பதிந்தால்தான் விழுந்ததைக் கண்டுபிடிக்கும் வசதி தானாக இயங்கும். இல்லையென்றால் நாமே அதை ஆன் செய்ய வேண்டும். எனவே முதலில் பழைய விவரத்தை முழுக்க அழித்துவிட்டு அப்பாவின் பெயரில் புதிதாகப் பதியுங்கள். சிம் வசதி இல்லாத வாட்ச் என்றால் போன் பக்கத்தில் இருந்தால்தான் அழைப்பு போகும். போனைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகும் பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த அவசர எண். பெரும்பாலும் துபாயில் இருக்கும் மகனின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அப்பா குளியலறையில் விழுந்தால் செய்தி துபாய்க்குப் போகும். அவன் பதறுவான், வேறென்ன செய்வான்? பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் சேருங்கள். அவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். வீட்டுச் சாவி ஒன்றையும் அவரிடமே கொடுத்து வையுங்கள்.