மணல் நிலத்தில் எண்ணெய்ப் பனை: குழி வெட்டும் முன் கவனிக்க வேண்டியவை

பாமாயில் தரும் எண்ணெய்ப் பனைக்கு ஹெக்டேருக்கு 29,000 ரூபாய் மானியம் என்ற பேச்சை நம்பிக் குழி வெட்டிவிட்டு, அப்புறம் அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் பலர். 2021-இல் வந்த தேசிய சமையல் எண்ணெய் இயக்கத்தின் தொகை அது. கன்றுக்கான உச்சவரம்புதான் அது, கையில் தரும் ரொக்கம் என்று நினைக்காதீர்கள். வெளியில் கன்று வாங்கி நட்டுவிட்டுப் பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. பதிவு முதலில், நடவு பிறகு.

மணற்பாங்கான நிலமென்றால் தண்ணீர்தான் பெரிய கேள்வி. வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் வேண்டும், மணலோ பிடித்து வைக்காது. மழை பொய்த்த வருஷம் மரம் வாடினால் ஆண் பூ கூடி, குலையாகும் பெண் பூ குறைந்துவிடும். குலை குறைவது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும், அப்போது எந்த அதிகாரியும் பொறுப்பேற்கமாட்டார். அதனால் சொட்டுநீர் உறுதியாகாமல் நடாதீர்கள்.

சொட்டுநீர் மானியத்துக்குத் தனிக் கோப்பு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்று இல்லையென்றால், இரண்டு ஏக்கர்காரரும் 75-இல்தான் நிற்பார். அதே நிலத்தில் கடலைக்கோ கரும்புக்கோ ஏற்கெனவே சொட்டுநீர் வாங்கியிருந்தால் 7 வருஷம் ஆகாமல் மறுபடி தரமாட்டார்கள். இதை முதல் நாளே சொல்ல ஆளில்லை, எல்லாக் காகிதமும் கொடுத்த பிறகுதான் சொல்வார்கள். சர்வே எண்ணைக் காட்டி முன்கூட்டியே கேளுங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மனு. கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

முதல் 4 வருஷம் பராமரிப்புக்கும் ஊடுபயிருக்கும் ஹெக்டேருக்குத் தலா 5,250 ரூபாய் உண்டு. அதிகாரிகள் தோட்டத்தைப் பார்க்க வருவார்கள். மணலில் கன்று காய்வது சகஜம், ஆய்வுக்கு முன்பே காய்ந்த இடத்தில் வேறு கன்று நட்டுவிடுங்கள். உரத்தையும் பல தவணையாகப் பிரித்து வையுங்கள். ஒரே தடவையாகப் போட்டால் ஒரு பெருமழை பொட்டாஷை இழுத்துக்கொண்டு போய்விடும்.

குலைக்கு அரசு தரும் விலை உத்தரவாதத்தைக் குறைந்தபட்ச ஆதரவு விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கச்சா பாமாயில் விலையை வைத்துப் போடும் சூத்திரப்படி ஆலை தரும் விலை, அரசு அறிவித்த விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு வங்கிக் கணக்கில் போடும், அவ்வளவுதான். குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். கொள்முதல் மையம் எங்கே, வண்டிக் கூலி யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எடைச் சீட்டு ஒவ்வொன்றும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரிலேயே இருக்கட்டும்.